4×5 கலர் நெகட்டிவ் கழுவ உள்ளூரில் ஒரு லேப்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு விற்பனைக்கு வந்தது. வாங்குபவர் அதை இடிப்பாரா, ஓட்டலாக்குவாரா, தேக்குத் தூண்களைக் கழற்றி விற்பாரா என்று யாருக்கும் தெரியாத நிலை. கைமாறுவதற்கு முன் வீட்டை ஒழுங்காகப் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்று பங்காளிகள் முடிவு செய்து, சென்னையில் இருக்கும் ஒரு கட்டடக் கலைஞரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் பல வருடங்களாக ரோலாக இல்லாமல் படத்துக்கு ஒரு தாளாக வரும் 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமராவில் கருப்பு வெள்ளைப் படம் எடுப்பவர். அதைத் தன் வீட்டுக் குளியலறையிலேயே கழுவிக்கொள்வார். இந்த வீட்டுக்கு மட்டும் கலர் வேண்டும் என்று நினைத்தார்.

காரணம் தரைதான். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, அதற்கு மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பல பத்தாண்டுகள் கால்பட்ட இடத்தில் அந்தச் சிவப்பு ஒரு மாதிரியும், தூணோரம் மிதிபடாத இடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். இந்த வேறுபாடு படத்தில் வரவில்லை என்றால் எடுத்த வேலையே வீண். ஆக, லேபில் நிறம் கொஞ்சம் பிசகினாலும் போதும், பதிவு பாழாகிவிடும்.

ஃபிலிம் கோடக் போர்ட்ரா 160 என்ற கலர் நெகட்டிவ். பெட்டிக்குப் பத்து தாள், ஒரு தாளுக்கே பல நூறு ரூபாய். கூடவே, கழுவியதும் நேரடியாக நிஜ நிறத்திலேயே படம் தெரியும் ஸ்லைடு ஃபிலிமும் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தார். எடுத்ததை எங்கே கழுவுவது என்பதுதான் கேள்வி. நான் முன்பு ஒரு கலர் லேபில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, பெயரும் அடையாளமும் இல்லாமல் இதைப் பதிவு செய்கிறேன்.

சிக்கல் கெமிக்கலில் இல்லை, மெஷினில்

கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையைக் கோடக் 1972-இல் கொண்டுவந்தது. 35 மிமீ ரோலானாலும் 4×5 தாளானாலும் முறை ஒன்றேதான். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 நொடி. அதற்குப் பிறகு பிளீச், வாஷ், ஃபிக்ஸர், வாஷ், கடைசியில் ஃபைனல் ரின்ஸ். டெவலப்பரின் சூடு கால் டிகிரிகூட நகரக் கூடாது என்பார்கள். கோடக்கின் கணக்கு அதைவிடக் கறார், 0.15 டிகிரிதான். மற்ற குளியல்களுக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது.

மாட்டிக்கொள்ளும் இடம் மெஷின். இன்று ரோல் கழுவித் தரும் பெரும்பாலான கடைகளில் இருப்பது மினிலேப் மெஷின். ஃபிலிமின் நுனியை ஒரு பிளாஸ்டிக் லீடர் கார்டில் டேப் போட்டு ஒட்டினால், கார்டு பல்சக்கரத்தில் ஏறி ஃபிலிமை ஒவ்வொரு தொட்டியாக இழுத்துக்கொண்டு போகும். ரோல்களில் அகலமான 120 என்ற ரகமே சுமார் 6 செமீதான். 4×5 தாளின் குறுகிய பக்கம் 10 செமீ. அதன் அடித்தளமும் ரோலைவிடத் தடித்த பாலியெஸ்டர், ரோலரின் வளைவுகளில் ரோல் மாதிரி வளைந்து கொடுக்காது.

ஷீட் ஃபிலிமைக் கழுவ நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று, கிளிப்பில் தொங்கவிட்டு ஆழமான தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுக்கும் பெரிய மெஷின். இங்கிலீஷ்காரர்கள் டிப் அண்ட் டங்க் என்பது இதைத்தான். இன்னொன்று, ஜோபோ மாதிரியான சுழலும் டேங்க். சூடான தண்ணீர்த் தொட்டியில் டேங்க் படுத்தவாக்கில் சுழலும், உள்ளே கொஞ்சம் கெமிக்கல் மட்டும் இருக்கும். முதலாவது தினமும் நிறைய ஃபிலிம் வரும் லேபுக்குத்தான் கட்டுப்படியாகும். இரண்டாவதை ஒருவரே ஒரு அறையில் வைத்து ஓட்டலாம்.

சென்னை சினிமா லேப்கள் இருந்த ஊராச்சே, அங்கே யாரும் செய்து தர மாட்டார்களா என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சினிமா நெகட்டிவின் முறை ஈசிஎன்-2. அதன் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு பல காலமாக இருந்தது, அதை நீக்கத் தனிக் கட்டம் வேண்டியிருந்தது, டெவலப்பரும் வேறு. ஆயிரக்கணக்கான அடி ஃபிலிம் தொடர்ந்து ஓடும் மெஷின் அது. டிஜிட்டல் வந்தபின் அந்தத் தொட்டிகளும் காய்ந்துவிட்டன. ஓடிக்கொண்டிருந்தாலும் நமக்கு உதவியிருக்காது.

முதல் விசாரிப்பு

அவர் போனில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “ஃபோர் பை ஃபைவ் கலர் கழுவுவீங்களா?” பதில்கள் மூன்று வகையாக வந்தன.

பலர் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் அக்கறையாக விளக்கினார்: “மேடம், ரோலுன்னா கொண்டாங்க. இந்த அட்டைய எந்தப் பக்கம் ஒட்டி நான் உள்ள அனுப்புறது?” நேர்மையான பதில், நேரமும் மிச்சம்.

இரண்டாவது வகை, ஆமாம் என்று சொன்ன ஒரு கடை. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே இருந்ததும் மினிலேப்தான். தாளை நீளவாக்கில் வெட்டி இரண்டு துண்டாக ஓட்டிவிட்டு, ஸ்கேனில் சேர்த்துத் தருவதாகச் சொன்னார் அங்கிருந்தவர். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத நல்ல குணம் அது, குறை சொல்ல எதுவுமில்லை. தாளை அங்கே கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வகை, செய்வோம் என்று சொல்லி, எப்படி என்றும் சொன்னவர்கள். அப்படி இருவர். ஒன்று வெளி மாநிலத்தில் உள்ள லேப், டிப் அண்ட் டங்க் மெஷின், கூரியரில் அனுப்ப வேண்டும். இன்னொருவர் சென்னையிலேயே வீட்டு மாடியில் சிறிய லேப் வைத்திருப்பவர். ஃபிலிமில் படமெடுக்கும் இளைஞர்களின் 35 மிமீ, 120 ரோல்களைச் சுழல் டேங்கில் கழுவித் தருகிறார். 4×5 தாளுக்கான ரீலும் அவரிடம் இருந்தது.

இங்கேதான் கேள்வியை மாற்றச் சொன்னேன். செய்வீர்களா என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை என்றுதான் வரும், அதை வைத்து எதுவும் தெரியாது. எதில் கழுவுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை கலர் ஓட்டுகிறீர்கள், டெவலப்பரைக் கலந்து எத்தனை நாள் ஆகிறது, ஒரு கலவையில் எவ்வளவு ஃபிலிம் கழுவுகிறீர்கள், பிளீச்சும் ஃபிக்ஸரும் தனித்தனியா சேர்ந்ததா, சூட்டை எதை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம். இதில் முக்கியமானது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான். கலந்த கலர் டெவலப்பர் காற்றுப்பட்டுச் சீக்கிரம் செத்துப்போகும். மாதத்துக்கு ஒருதரம் ஓட்டும் அருமையான மெஷினைவிட, வாராவாரம் ஓட்டும் சுமாரான டேங்க் மேல்.

வெளி மாநில லேப் தினமும் ஓட்டுகிறது, கன்ட்ரோல் ஸ்ட்ரிப் (முன்கூட்டியே அளவாக வெளிச்சம் காட்டிய சோதனைத் துண்டு) போட்டு, டென்சிட்டோமீட்டர் என்ற அடர்த்தி அளக்கும் கருவியில் அளந்து பார்க்கிறது. மாடி லேப்காரர் ஸ்ட்ரிப் எதுவும் போடுவதில்லை, ஆனால் ரோல்கள் சேர்ந்ததும் ஒரு குறிப்பிட்ட கிழமையில் புதிதாகக் கலந்து ஓட்டுகிறார். மழுப்பாமல் பதில் சொன்னார், கேள்விகளுக்குக் கோபப்படவும் இல்லை. தரத்தை மட்டும் பார்த்தால் வெளி மாநில லேப்தான். ஆனால் அனுப்பிய பெட்டி விமானத்தில் ஏறினால் சரக்கு எக்ஸ்ரேயில் மாட்டும், தரைவழி என்றால் கோடையில் கிடங்கு கிடங்காக வெந்துகொண்டிருக்கும். வேலை நடக்கும்போதே முடிவைப் பார்த்து அடுத்த நாள் எக்ஸ்போஷரைத் திருத்தவும் வழியில்லை. இரண்டையும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது.

சோதனைத் தாள்கள்

உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்று, சாம்பல் நிற அட்டை, கலர் சார்ட் மூன்றையும் சேர்த்து வைத்து, ஒரே வெளிச்சத்தில் ஒரே எக்ஸ்போஷரில் மூன்று தாள் எடுத்தார். ஒன்று வெளி மாநிலத்துக்குத் தரைவழிக் கூரியரில் போனது. ஒன்று மாடி லேபுக்கு. மூன்றாவது ஃபிரிட்ஜில்.

இரண்டு நெகட்டிவும் வந்தபின் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெளி மாநிலத் தாளின் ஓரம் சுத்தமான ஆரஞ்சு. மாடி லேப் தாளில் படம் இருந்த பகுதி கொஞ்சம் பழுப்பேறி, கலங்கலாக, அடர்த்தி கூடித் தெரிந்தது. ஸ்கேன் செய்தால் கல்லின் சிவப்பு வெளுத்துப்போய், காண்ட்ராஸ்ட் கூடி, கிரெயின் தூக்கலாக வந்தது.

சூடு கூடி டெவலப்பர் அதிகமாக வேலை செய்திருக்கலாம், அல்லது வெள்ளி முழுதாக நீங்காமல் ஃபிலிமிலேயே தங்கியிருக்கலாம். கலர் நெகட்டிவில் கடைசியில் மிஞ்ச வேண்டியது சாயம் மட்டும். டெவலப்பரில் உருவான வெள்ளியைப் பிளீச் மாற்ற வேண்டும், ஃபிக்ஸர் கரைத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டில் எது காரணம் என்று கண்டுபிடிக்கப் புதுத் தாள் தேவையில்லை. அதே நெகட்டிவை வெளிச்சத்திலேயே மறுபடி நல்ல பிளீச்சில் போட்டு, வாஷ் செய்து, ஃபிக்ஸரிலும் ஃபைனல் ரின்ஸிலும் போட்டால் போதும். தெளிந்தால் வெள்ளி. தெளியாவிட்டால் டெவலப்பர்.

லேப்காரர் அப்போது பயன்படுத்தியது பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றாகக் கலந்த பிளிக்ஸ். சின்ன கிட்களில் வருவது. ரோல்களில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. தனிப் பிளீச் வாங்கிவரச் செய்து, தாளை மறுபடி போட்டோம். தட்டில் போட்டு ஆட்ட ஆட்டக் கலங்கல் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. காய்ந்தபின் பார்த்தால் வெளி மாநிலத் தாளுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. மீதி இருந்த சின்ன வித்தியாசத்தை ஸ்கேனில் சரிசெய்ய முடிந்தது. அன்றிலிருந்து அவர் பிளீச், ஃபிக்ஸர் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார். பிளீச்சைக் குறிப்பிட்ட நேரத்தைவிடக் கூடுதலாகவே விடுகிறார். அது வேலை முடிந்ததும் தானே நின்றுவிடும், நேரம் கூடினால் கெடுதல் இல்லை.

சூட்டுக்கு வந்தால், மெஷினில் இருந்த டிஜிட்டல் காட்டியை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை டெவலப்பர் பாட்டிலில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். 37, 38 டிகிரியில் துல்லியமாகக் காட்டத்தானே அதைச் செய்கிறார்கள். மெஷின் காட்டியதற்கும் அதற்கும் அரை டிகிரி வித்தியாசம். மருந்துக்கடையில் கிடைக்கும் சாமான், இதற்கு மேல் செலவில்லை.

தண்ணீர் விஷயமும் உண்டு. கருப்பு வெள்ளைக்கு 20 டிகிரி வேண்டுமென்று நாம் ஐஸ் கட்டியோடு போராடுவோம். சி-41-க்கு அந்தத் தொல்லை இல்லை, சென்னைக் குழாய் பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எல்லை தாண்டிச் சுடும். வாஷுக்கு அதை நேரடியாகத் திறந்துவிடக் கூடாது என்பதால், கழுவும் வேலை காலையில் முடியும்படி வைத்துக்கொண்டார். போர் தண்ணீர் உப்பு. ஃபைனல் ரின்ஸ் அதில் கலந்தபோது காய்ந்த நெகட்டிவில் வெள்ளைத் திட்டு விழுந்தது. கேன் தண்ணீருக்கு மாறியபின் விழவில்லை.

முடிவும் காரணமும்

கலர் நெகட்டிவ் மாடி லேபுக்கு. ஸ்லைடு வெளி மாநிலத்துக்கு. ஸ்லைடின் இ-6 முறையில் குளியல்கள் கூடுதல், முதல் டெவலப்பரில் பிசகினால் பிறகு திருத்தவே முடியாது. அதற்காக ஒருவரைப் புதிதாகக் கலக்கச் சொல்வது நியாயமில்லை.

நெகட்டிவுக்கு மூன்று நிபந்தனைகள் பேசிக்கொண்டார்கள். புதிதாகக் கலந்த டெவலப்பரில் முதல் சுற்று தாள்களுக்கு, அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் ரோல்கள். கணக்கு, நான்கு தாள் ஒரு ரோல். 36 படம் உள்ள 35 மிமீ ரோலின் பரப்பு சுமார் 80 சதுர அங்குலம், நான்கு 4×5 தாளும் அதே அளவுதான். கூலியும் அந்தக் கணக்கிலேயே. ஒவ்வொரு சுற்றிலும் சாம்பல் அட்டை எடுத்த ஒரு தாள் கூடப் போகும். கன்ட்ரோல் ஸ்ட்ரிப்புக்கு அது ஈடில்லை, ஆனால் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் ஏதாவது நகர்ந்தால் காட்டிக்கொடுக்கும்.

படமெடுத்தல்

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே எக்ஸ்போஷரில் இரண்டு தாள். ஒன்று ‘அ’ பெட்டிக்கு, மற்றது ‘ஆ’ பெட்டிக்கு. இரண்டு பெட்டியையும் ஒரே நாளில் கழுவக் கூடாது. ‘அ’ முடிந்து, பார்த்து, திருப்தியானபின்தான் ‘ஆ’. செலவு இரட்டிப்பு என்று பங்காளிகளில் ஒருவர் முணுமுணுத்தார். வீடு கைமாறியபின் திரும்பப் போக முடியாதே என்றதும் ஒத்துக்கொண்டார்.

160 ஐஎஸ்ஓ ஃபிலிமை 100 என்று வைத்து, அதாவது கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்து, எக்ஸ்போஸ் செய்தார். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. வீட்டின் இரண்டாம் கட்டில் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/22-இல் பல நொடிகள் திறந்துவைக்க வேண்டியிருந்ததால், நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் வேகம் குறைவதற்கும் சேர்த்துக் கொடுத்தார்.

எடுத்த தாள்கள் அவை வந்த பெட்டிக்கே திரும்பின. உள்ளே கருப்பு உறை, மூடிகளைச் சுற்றி டேப், மேலே தமிழிலும் இங்கிலீஷிலும் ‘இருட்டில் மட்டும் திறக்கவும்’, ஃபிலிம் பெயர், தாள் எண்ணிக்கை, சி-41. காரைக்குடியிலிருந்து ரயில், ஃபிலிம் தெர்மோகோல் பெட்டியில் கையோடு. சென்னையில் மெட்ரோவைத் தவிர்த்து ஆட்டோ பிடித்தார், மெட்ரோ வாசலில் பையை ஸ்கேனரில் போடச் சொல்வார்கள் என்பதால். ஒருமுறை போனால் இந்த வேக ஃபிலிமுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. ஆனாலும் தேவையில்லாமல் ஏன்?

கழுவியபோது நடந்தது

முதல் சுற்று சுத்தமாக வந்தது. அடுத்த சுற்றில் லேப்காரர் ரீலில் இருந்த ஆறு இடத்திலும் தாளை ஏற்றினார், ரீல் ஆறு தாளுக்கு என்றுதான் விற்கப்படுகிறது. சுழலும்போது ஒரு தாள் அது செருகியிருந்த காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) நழுவிப் பக்கத்துத் தாள்மேல் சாய்ந்துவிட்டது. மூடிய இடத்தில் டெவலப்பர் படவில்லை. பட்டாலை என்ற கூடத்தின் தூண் வரிசைப் படத்தில், கீழ்ப் பாதியில் பிறை வடிவத்தில் வெற்றிடம்.

அவர் மறைக்கவில்லை, டேங்கைத் திறந்ததுமே போன் செய்தார். ‘ஆ’ பெட்டியில் அதே காட்சி இருந்ததால் பதற்றமில்லாமல் பேச முடிந்தது. இனி சுற்றுக்கு நான்கு தாள் மட்டும், ஓரத்துக் காடிகளில், பக்கத் தகடுகளைப் பூட்டியபின் டேங்கை மூடுவதற்கு முன் இருட்டில் விரலால் ஒவ்வொரு விளிம்பையும் தடவிப் பார்ப்பது என்று முடிவானது. சுழலும் வேகத்தையும் குறைத்தார். அதன்பின் நழுவல் நடக்கவில்லை. சுற்றுகள் கூடின, கெமிக்கலும் கூடச் செலவானது, அதைக் கணக்கில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

விளைவு

வீட்டின் எல்லாப் பகுதிக்கும் நல்ல நெகட்டிவ் கிடைத்தது, ஒரே ஒரு காட்சியைத் தவிர. வளவு என்ற உள்முற்றப் பகுதியின் மேற்குச் சுவரை எடுத்த இரண்டு தாளிலும் ஒரு மூலையில் வெளிச்சம் கசிந்த கோடு. லேப் இதில் சம்பந்தப்படவில்லை. ஃபிலிம் ஹோல்டருக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு தாள். அந்தக் காட்சியின் ‘அ’வும் ‘ஆ’வும் ஒரே ஹோல்டரின் இரண்டு பக்கங்கள், ஹோல்டரின் ஓரத்தில்தான் ஓட்டை. இரண்டு நாளில் கழுவினாலும் காப்பாற்ற முடியாத வகை இது.

சாம்பல் அட்டைத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சுற்றுக்குச் சுற்று நகர்வு மிகக் குறைவு. 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தபோது ஒரு படத்துக்குச் சுமார் 11 கோடி பிக்சல். தூணோரத்துச் சிவப்பும் நடைபாதைச் சிவப்பும் தனித்தனியாகவே தெரிகின்றன. ஸ்லைடுகள் வெளி மாநிலத்திலிருந்து குறையில்லாமல் வந்தன. நேரம்தான் பிடித்தது.

மாடி லேபுக்கு இப்போது வேறு சிலரும் 4×5 தருகிறார்கள். தாள்கள் தனியாக அந்த லேபைத் தாங்காது. ரோல் கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளால்தான் டெவலப்பர் வாராவாரம் புதிதாக இருக்கிறது. அவர்கள் கூட்டம் குறைந்தால் தாள் கழுவுவதும் நின்றுவிடும் என்று லேப்காரரே சொல்கிறார். அதனால் தாள் எடுப்பவர்கள் தங்களுக்குள் பேசிவைத்து, ஒரே வாரத்தில் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை

ஒரே காட்சியின் இரண்டு தாளை வெவ்வேறு ஹோல்டரிலிருந்து எடுக்க வேண்டும். எல்லா ஹோல்டருக்கும் எண் எழுதி, குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் அந்த எண்ணைப் பதிய வேண்டும். கலருக்குப் போகும் முன் ஹோல்டர்களைக் கருப்பு வெள்ளைத் தாள் போட்டு வெயிலில் சோதிக்கலாம், அது மலிவு.

சோதனைத் தாள் ஒரு லேபுக்கு ஒன்று போதாது. மாடி லேபில் ஒற்றைத் தாளாகச் சோதித்ததால் ரீல் நிறைந்தால் என்னாகும் என்று தெரியாமல் போனது. வேலையின்போது எத்தனை தாள் ஏற்றப் போகிறார்களோ அத்தனையையும் ஏற்றிச் சோதிக்க வேண்டும். மீதி இடத்துக்குக் காலாவதியான தாள்கள் போதும்.

ஸ்லைடைப் பொறுத்தவரை, அடுத்த வேலைக்கு அதை வாங்குவதில்லை என்று அவர் முடிவு செய்திருக்கிறார். ஃபிரிட்ஜில் கிடந்த மூன்றாவது சோதனைத் தாளை லேப்காரரிடமே கொடுத்துவிட்டார், அவர் புதுக் கிட் வாங்கும் நாளில் கழுவிப் பார்க்க.